லிபர்ட்டி சிலையா... ஸ்டைவசன்ட்டா?

நியூயார்க் போனால் என்ன பார்ப்பீங்க? லிபர்ட்டி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், எம்பயர் ஸ்டேட் பில்டிங்... 2024 அக்டோபரில் போய் இறங்கினப்போ என் லிஸ்ட்டும் அதேதான். ஆனால், கையில் இருந்த நாட்களில் பாதியை நான் கழிச்சது பள்ளிக்கூட வாசல்களில். உள்ளேகூடப் போகலை பாஸ், வெறும் வாசல்!

கூட்டிட்டுப் போனது என் பெரியம்மா பொண்ணோட மகள். வயசு 13, எட்டாம் கிளாஸ். 'என் பேரைப் போட்டுடாதீங்க மாமா'ன்னு கண்டிஷன் போட்டிருக்கிறதால, இங்கே அவள் பாப்பு.

அக்கா வீடு குவீன்ஸில், ஃப்ளஷிங் ஏரியா. 1977ல் கும்பாபிஷேகம் நடந்த பிள்ளையார் கோயிலில் இருந்து நடக்கிற தூரம்தான். கோயிலுக்குக் கீழே இருக்கிற கேன்டீனில் தோசை சாப்பிட்டுக்கிட்டே, "அடுத்து எங்கே?"ன்னு கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை. "இவளை ஸ்டைவசன்ட் கூட்டிட்டுப் போயிட்டு வாடா. கட்டடத்தைப் பார்த்தாலாவது ஒரு வெறி வரட்டும்."

பாப்பு தலையே நிமிரலை. பில்லுக்குப் பின்னாடி கேன்டீன் தாத்தா ஒருத்தரை வரைஞ்சுக்கிட்டு இருந்தாள்.

விஷயம் இதுதான். நியூயார்க்கில் ஹைஸ்கூல்னா ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை. எட்டாவது படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அதுக்குத் தனியா அப்ளை பண்ணணும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்குன்னு தானா சீட் கிடைச்சிடாது. 400க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள், 700க்கும் மேற்பட்ட பிரிவுகள். ஃபீஸ் கிடையாது. இந்தக் கடலில் எட்டு பள்ளிகள் மட்டும் தனி ஜாதி. அதில் நுழைய ஒரே வழி, எஸ்.ஹெச்.எஸ்.ஏ.டி.ங்கிற ஒரு தேர்வு. மூணு மணி நேரம், 114 கேள்வி. பாதி ஆங்கிலம், பாதி கணக்கு. அதில் 20 கேள்விக்கு மார்க்கே கிடையாது, வருங்காலத் தேர்வுக்கான வெள்ளோட்டம். எந்த 20ன்னு சொல்ல மாட்டாங்க! பாப்பு எழுத வேண்டியது பேப்பரில். 2025ல் இருந்து அதுவும் கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சு.

ஏழு வருஷமா வாங்கின மார்க், டீச்சர் சர்ட்டிஃபிகேட், இன்டர்வியூ... எதுவும் கணக்கில் வராது. எழுதின எல்லாரையும் மார்க் வரிசையில் நிக்க வச்சு, முதல் ஆளுக்கு அவர் கேட்ட பள்ளி, அடுத்த ஆளுக்கு மிச்சத்தில் அவர் கேட்டது... இப்படியே சீட் தீர்ற வரைக்கும். சுமார் 25 ஆயிரம் பேர் எழுதி, சுமார் 4 ஆயிரம் பேருக்கு இடம். கட்-ஆஃப்ங்கிற வார்த்தையைக் கேட்டாலே நமக்கு அடிவயிறு கலங்கும் இல்லையா? அங்கே அது 13 வயசிலேயே!

7ஆம் நம்பர் ரயிலைப் பிடிச்சு, டைம்ஸ் ஸ்கொயரில் மாறி, சேம்பர்ஸ் ஸ்ட்ரீட்டில் இறங்கினோம். (ஆமா, டைம்ஸ் ஸ்கொயரை நான் தரைக்குக் கீழே இருந்து பார்த்தேன்.) மேற்கே நடந்தால் அகலமான ஒரு சாலை, அதுக்கு மேலே நடைபாலம், பாலம் முடியுற இடத்தில் ஸ்டைவசன்ட். பத்து மாடி. மாடிக்கு மாடி எஸ்கலேட்டர். பின்னாடி ஹட்சன் நதி. பள்ளிக்கூடமா, ஐ.டி. கம்பெனியான்னு ஒரு நிமிஷம் குழப்பமே வந்துடுச்சு. 1904ல் ஆரம்பிச்ச பள்ளி, 1992ல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. 2001 செப்டம்பர் 11 அன்னைக்கு இரட்டைக் கோபுரம் விழுந்தது இங்கிருந்து சில தெரு தள்ளித்தான். பிள்ளைகளை நதியோரமா வடக்கே நடக்க வச்சு வெளியேத்தி இருக்காங்க. அப்புறம் சில வாரம் இந்தக் கட்டடமே மீட்புப் பணிக்காரங்களுக்கு முகாம்.

மூணு மணி வாக்கில் பள்ளி விட்டது. பாலம் முழுக்கப் பிள்ளைகள். முக்கால்வாசி ஆசிய முகங்கள். சீனம், வங்காளம், கொரியன்னு காதில் ஏதேதோ விழுது.

"மாமா, இது முன்னாடி பாய்ஸ் ஸ்கூல் தெரியுமா?"ன்னாள் பாப்பு. 1969ல் ஆலிஸ் டி ரிவேராங்கிற பொண்ணு, 'என்னை ஏன் தேர்வு எழுத விடலை?'ன்னு கேஸ் போட்டாள். தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே கல்வி வாரியம் இறங்கி வந்துடுச்சு. அந்த வருஷமே பொண்ணுங்க உள்ளே வந்தாங்க. ஆனால் ஆலிஸ் வரலை, குடும்பம் வேற ஊருக்குப் போயிடுச்சு. "கேஸ் போட்டப்போ அவளுக்கும் 13தான்"னு சொல்லிட்டு, பாலத்துக் கம்பியில் சாஞ்சு நோட்டைத் திறந்தாள். வரைஞ்சது ஸ்டைவசன்ட்டை இல்லை. கீழே ஹாட் டாக் வண்டிக்காரரை.

அப்போதான் எனக்கு லேசாப் புரிய ஆரம்பிச்சது.

மறுநாள் புரூக்ளின் டெக். 1922ல் தொடங்கினது, உச்சியில் ரேடியோ கோபுரம், ஏறக்குறைய 6 ஆயிரம் மாணவர்கள். நம்ம ஊரில் அதை ஒரு பல்கலைக்கழகம்னே சொல்லிடலாம். அங்கிருந்து மேன்ஹாட்டனுக்குத் திரும்பி, 66ஆம் தெரு ஸ்டேஷனில் என்னை இறக்கினாள். "இது அம்மா லிஸ்ட்டில் இல்லை. என் லிஸ்ட்."

லாகார்டியா ஹைஸ்கூல். இசை, நடனம், நாடகம், ஓவியம் படிக்கிற அரசுப் பள்ளி. எட்டோடு இது ஒன்பதாவது சிறப்புப் பள்ளி. ஆனால் இதுக்கு அந்தத் தேர்வு கிடையாது. பாடிக் காட்டணும், ஆடிக் காட்டணும், ஓவியம்னா வரைஞ்ச படங்களை அனுப்பணும். பள்ளி மார்க்கையும் பார்ப்பாங்க. 1936ல் மேயர் லாகார்டியா ஆரம்பிச்ச இசை, ஓவியப் பள்ளியும் இன்னொரு நடிப்புப் பள்ளியும் சேர்ந்து உருவானது. அந்த நடிப்புப் பள்ளியை வச்சு எடுத்ததுதான் 1980ல் வந்த 'ஃபேம்' படம். 'டூன்' ஹீரோ டிமொதி ஷாலமே படிச்சது இங்கேதான். எதிரே லிங்கன் சென்டர். வாசல் படியில் ஒரு பையன் செல்லோ பெட்டியைத் தலைக்கு வச்சுத் தூங்கிட்டு இருந்தான். பாப்பு அவனைப் பார்த்த பார்வையை அக்கா பார்த்திருக்கணும்.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் திறந்தது. மத்த சாதாரணப் பள்ளிகளுக்கான விண்ணப்பம். மேலே ஒரு நம்பர்... நம்பர்னா, எண்ணும் எழுத்தும் கலந்து 32 இடம்! கம்ப்யூட்டர் ஒவ்வொரு பிள்ளைக்கும் குருட்டாம்போக்கில் கொடுக்கிற லாட்டரி எண். சைபரில் தொடங்கினால் யோகம், 'எஃப்'ல் தொடங்கினால் கடைசி வரிசை. பாப்புவுக்கு 'சி'. "ஜாதகத்தில் சனி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கு"ன்னாள் அக்கா.

இதுக்குப் பின்னாடி ஒரு நோபல் பரிசுக் கதை இருக்கு. 2003 வரைக்கும் அஞ்சு பள்ளி மட்டும்தான் கேட்க முடியும். வருஷத்துக்குச் சுமார் 30 ஆயிரம் பிள்ளைகள், தாங்கள் கேட்கவே கேட்காத பள்ளியில் போய் விழுந்தாங்க. 'முதலில் இதைப் போட்டால் இரண்டாவது கிடைக்காதோ'ன்னு பெற்றோர் சீட்டாட்டம் மாதிரி ஆடினாங்க. அப்போதான் ஆல்வின் ராத் என்கிற பொருளாதாரப் பேராசிரியரும் அப்துல்காதிரோக்லு, பராக் பாதக் ஆகிய இரண்டு பேரும் வந்து, கேல், ஷேப்லி 1962ல் எழுதின ஒரு கணித முறையை இங்கே பொருத்தினாங்க. பள்ளி உங்களை உடனே உறுதி பண்ணாது, தற்காலிகமாப் பிடிச்சு வச்சுக்கும். கடைசி வரை யார் யாருக்குன்னு மாறிக்கிட்டே போகும். கேட்காத பள்ளிக்குப் போற 30 ஆயிரம், முதல் வருஷமே சுமார் 3 ஆயிரமாக் குறைஞ்சது. 2012ல் ராத்துக்கும் ஷேப்லிக்கும் நோபல். இந்த முறையின் அழகு என்னன்னா, நிஜமாப் பிடிச்சதை முதலில் போட்டால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. தந்திரம் பண்ணத் தேவையில்லை.

இதை நான் சத்தமாச் சொல்லித் தொலைச்சேன். பாப்பு அம்மாவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். மாமா தட்டைப் பார்த்தார்.

அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. இரண்டு கோடை லீவு, எல்லாச் சனிக்கிழமையும் கோச்சிங். அவள் ஓவர்டைம் பார்த்துக் கட்டின ஃபீஸ். அந்தத் தெருவில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். கேப் ஓட்டுற வங்காள அப்பா, சமையல்கட்டில் நிக்கிற சீன அம்மா... சிபாரிசு தெரியாது, ஆங்கிலத்தில் பேசி அசத்தத் தெரியாது. பரீட்சை மட்டும்தான் அவங்களுக்குத் தெரிஞ்ச நியாயம். ஸ்டைவசன்ட்டில் கணிசமான பிள்ளைகள் குறைந்த வருமானக் குடும்பத்தில் இருந்து வந்தவங்கதான். "மார்க்கு பொய் சொல்லாதுடா"ன்னாள் அக்கா.

நானும் தலையாட்டினேன். மூணாவது நாள் பிராங்க்ஸ் போற வரைக்கும்.

பிராங்க்ஸ் சயின்ஸுக்கு 7ஐப் பிடிச்சு கிராண்ட் சென்ட்ரல், அங்கே 4ஆம் நம்பருக்கு மாறி பெட்ஃபோர்ட் பார்க். ஒரு பக்கத்துக்கே ஒன்றரை மணி நேரம். மாணவர் கார்டில் நாளுக்கு நாலு பயணம் இலவசம், தூக்கம்தான் காசு. போய்ப் பார்த்தால் அமைதியான வாசல். ஆனால் இங்கே படிச்சவங்களில் ஒன்பது பேர் நோபல் வாங்கி இருக்காங்க! அதில் ஷெல்டன் கிளாஷோவும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் 1950ல் ஒரே வகுப்பில் படிச்சு முடிச்ச நண்பர்கள். 1979ல் இயற்பியல் பரிசை அப்துஸ் சலாமோடு பகிர்ந்துகிட்டாங்க. பல நாடுகளுக்கே அத்தனை நோபல் கிடையாது.

திரும்பும் ரயிலில் பாப்பு மடியில் மாடல் தேர்வுப் புத்தகம். இரண்டு ஸ்டேஷன் தாண்டி ஒரு கறுப்பினப் பையன் ஏறி எதிரே உட்கார்ந்தான். பாப்பு வயசுதான். கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துட்டு, "இது என்ன டெஸ்ட்டுக்கு?"ன்னு கேட்டான்.

பாப்பு சொன்னாள். அவனும் எட்டாவது. பிராங்க்ஸ் சயின்ஸ் கட்டடத்தை அவனுக்குத் தெரியும், பக்கத்து மைதானத்தில் விளையாடி இருக்கான். அதில் சேர ஒரு தேர்வு இருக்குன்னு தெரியாது. "எவ்வளவு காசு?"ன்னு கேட்டான். "ஃப்ரீ"ன்னாள். அவன் நம்பலை. "ரெஜிஸ்ட்ரேஷன் இன்னும் முடியலை, நாளைக்கே உங்க ஸ்கூல் கவுன்சிலரைக் கேளு"ன்னு சொல்லிட்டு, புத்தகத்தை அவன் கையில் கொடுத்தாள். அவன் ஒரு கணக்கை வாயில் முணுமுணுத்து, விரலால் முட்டியில் எழுதிப் பார்த்தான். விடையும் சரி. யாங்கி ஸ்டேடியத்தில் இறங்கிட்டான், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு.

2019ல் ஸ்டைவசன்ட் 895 பேருக்கு இடம் கொடுத்தது. அதில் கறுப்பினப் பிள்ளைகள் ஏழு பேர். 700 இல்லை, 70 இல்லை, ஏழு. அதுக்கப்புறமும் வருஷா வருஷம் பத்தை ஒட்டியேதான் இருக்கு. நகரத்து அரசுப் பள்ளிகளில் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் ஏறக்குறைய மூணில் இரண்டு பங்கு! 'பரீட்சையை மட்டும் வச்சுத்தான் சேர்க்கணும்'ங்கிறது 1971ல் மாநிலமே போட்ட சட்டம். 2018ல் மேயர் டி பிளாசியோ அதை எடுத்துடலாம்னு கிளம்பினார். ஆசியப் பெற்றோர் தெருவில் இறங்கினாங்க, மாநில சட்டசபையில் விஷயம் நகரவே இல்லை. கட்-ஆஃபைக் கொஞ்சத்தில் தவறவிட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு கோடைப் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கிற 'டிஸ்கவரி' திட்டத்தை மட்டும் பெரிசு பண்ண முடிஞ்சது. தேர்வு எழுதினாத்தானே பாஸ் கொஞ்சத்தில் தவறவிட முடியும்?

அக்காகிட்ட அந்தப் பையனைப் பத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "அவங்க அம்மாவுக்கு யாராவது சொல்லி இருக்கணும்டா. எனக்கே கோயில்லதான் ஒருத்தர் சொன்னாங்க"ன்னாள். அப்புறம் பாப்புவைப் படிக்க உட்காரச் சொன்னாள்.

லிபர்ட்டி சிலையைக் கடைசி நாள் படகில் இருந்து பார்த்தேன். மழை. ஒண்ணும் சரியாத் தெரியலை.

2025 மார்ச்சில் ரிசல்ட். ஸ்டைவசன்ட் இல்லை. தேர்வில் புரூக்ளின் டெக். கூடவே லாகார்டியா ஓவியப் பிரிவிலும் இடம்! இரண்டில் ஒண்ணு எடுக்கணும். அக்கா வீட்டில் ஒரு வாரம் யாரும் யார்கிட்டயும் சரியாப் பேசலையாம். கடைசியில் டெக். "அங்கே ஆர்க்கிடெக்சர் மேஜர் இருக்கு மாமா, வரையலாம்"னு போனில் சொன்னாள். கட்டடம் வரையறதும் மனுஷங்களை வரையறதும் ஒண்ணான்னு நான் கேட்கலை. அம்மா பக்கத்திலேயே இருந்திருப்பாள்.

லாகார்டியாவுக்கு அனுப்பின படங்களை எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி இருந்தாள். கேன்டீன் தாத்தா, ஹாட் டாக் வண்டிக்காரர், செல்லோ பையன்... கடைசிப் படம், 4ஆம் நம்பர் ரயில். மடியில் அவள் புத்தகம், முட்டியில் விரல், குனிஞ்ச தலை. "அவன் டெஸ்ட் எழுதினானா?"ன்னு கேட்டேன்.

"தெரியலை மாமா. பேரைக் கேட்க மறந்துட்டேன்"னு பதில் வந்தது.