விருதுநகரில் ஒரு ‘ஒயின்’ டேஸ்ட்டிங்!

‘மெர்லோ’... பேரைக் கேட்டா ஹாலிவுட் ஹீரோயின் மாதிரி இருக்கா? அது ஃபிரான்ஸில் போர்தோ பக்கம் விளையுற கறுப்புத் திராட்சை. அதில் செய்யற ரெட் ஒயினுக்கும் அதே பேர்தான். அதைக் குடிக்க ஒரு சடங்கே இருக்கு. கிளாஸைச் சாய்ச்சு நிறம் பார்க்கணும். சுழற்றி முகரணும். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிடணும். முழுங்கின பிறகு ருசி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கவனிக்கணும்.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயசு ஆகணும். ஸோ, பாட்டில் வேணாம். அந்த நாலு ஸ்டெப்பை மட்டும் மனசுல போட்டுக்கிட்டு, மதுரையில் விருதுநகர் பஸ் ஏறுங்க.

ஏன் விருதுநகர்? கறுஞ்சிவப்பு நிறம், திராட்சை வாசம்... நம்ம ‘பொவண்டோ’வின் காளிமார்க் கம்பெனியைப் பழனியப்ப நாடார் 1916-ல் ஆரம்பிச்சது இங்கதான்! 1993-ல் கோக் திரும்ப இந்தியாவுக்குள்ள வந்தப்போ, தம்ஸ் அப், கோல்ட் ஸ்பாட் எல்லாம் கைமாறிப் போச்சு. பொவண்டோ போகலை. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டு கோலாவைப் புறக்கணிச்சப்போ, நம்மாளு மறுபடியும் கடை வாசலில் கெத்தா வந்து நின்னார்.

சாயங்காலம் ஒரு பரோட்டா கடையில் உட்காருங்க. ஓரம் மேடாவும் நடுவில் பள்ளமாவும் இருக்கிற பெரிய கல்லில், எண்ணெயில் மிதந்து பொரியுது பரோட்டா. எண்ணெய், பருப்பு, வத்தல் மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊராச்சே, எண்ணெய்க்கா பஞ்சம்?

மொறுமொறு பரோட்டாவைப் பிச்சுப் போட்டு சால்னாவை ஊத்துங்க. இப்போ பொவண்டோவுக்கு அந்த நாலு ஸ்டெப். சால்னா காரத்தோட முதல் வாய் குடிச்சா கேஸ் சுள்ளுன்னு ஏறும். பயப்படாதீங்க, ரெண்டாவது வாயில் இனிப்பு காரத்தை அடக்கிடும். புளிப்பு, நாக்கில் ஒட்டின எண்ணெயைக் கழுவிவிட்டுடும். மெர்லோவா இருந்தா, அதில் இருக்கிற ஆல்கஹால் காரத்தை இன்னும் எரியவிடும். ஆக, இந்த மேட்ச்சில் நம்மாளுதான் வின்னர்!

சாத்தூர் காரச்சேவுக்கும் இதே ஃபார்முலா ஓ.கே. ஆனா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சாப்பிட்ட கையோட குடிச்சுப் பாருங்க... பொவண்டோ சப்புன்னு புளிக்கும். ஒயின்காரங்க சொல்ற ரூல் அதுதான். சாப்பிடற ஸ்வீட்டைவிட பானம் இனிப்பு கம்மியா இருந்தா, பானம்தான் தோத்துப்போகும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பால்கோவாவுக்குத் துணையே தேவையில்லை. தனியா சாப்பிடுங்க.

ஒயின் ரசிகர்கள் மண்ணைப் பத்தி நிறைய பேசுவாங்க. இங்க மண்ணோட கதையே வேற. வானம் பார்த்த கரிசல் பூமி, விவசாயத்தை நம்ப முடியாது. 1922-ல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. பின்னாடியே பட்டாசும் அச்சகமும் வளர்ந்துச்சு. விவசாயத்துக்கு வில்லனான அதே காய்ஞ்ச காத்து, மருந்து உலர்த்த வரமா அமைஞ்சது.

அந்த வரத்துக்கு விலையும் உண்டு. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல, 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல... பட்டாசு ஆலை வெடிவிபத்தில் போயிட்டாங்க. பட்டியல் அதோட நிக்கவும் இல்லை.

சிவகாசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெட்டிக்கடையில் நின்னு பாருங்க. வேலை முடிஞ்சு வேனிலிருந்து இறங்குற அக்காக்கள் கையில் அலுமினியப் பொடி வெள்ளியா மின்னும். நாலு ஸ்டெப் எல்லாம் அவங்களுக்கு எதுக்கு? ஒரு கலர் வாங்கி ரெண்டு பேர் பங்கு போட்டுக்குவாங்க. பிள்ளைக்குன்னு ஒரு பொட்டலம் சேவு கட்டிக்குவாங்க. நாளைக்குக் காலையில் திரும்ப அதே வேன்.

நீங்களும் ஒரு பொட்டலம் வாங்கிக்கங்க. அப்படியே பக்கத்தில் நிக்கிற அக்காகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க. அடுத்த தீபாவளிக்குச் சரம் கொளுத்தும்போது அந்த முகம் ஞாபகம் வரும். வரட்டும்!