கணினிக்குள் ஒரு தென்னை

உடலசைவைக் கணினியில் ஆராய்வோருக்கு ஓப்பன்சிம் என்னும் மென்பொருள் பழக்கமானது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது, விலையில்லாதது. எலும்பு, மூட்டு, தசை எல்லாம் அதில் உண்டு. ஆனால் திரையில் தெரியும் எலும்பு வெறும் படம். அதற்குத் தொடத் தெரியாது. தொடுவதற்கென்று தனி வடிவங்களை அமைக்காவிட்டால், புவியீர்ப்பு அந்த மனிதனைத் தரைக்குள் இழுத்துக்கொண்டே போகும்.

ஆகவே பாதத்தின் அடியில் சில கோளங்களைப் பொருத்துகிறோம். தரையை எல்லையற்ற சமதளமாக வைக்கிறோம். கோளம் தளத்துக்குள் ஒரு நூலளவு புதையலாம். புதையும் ஆழத்தின் ஒன்றரை மடிப் பெருக்கத்தில் எதிர்விசை எழும். இது 1880களில் ஹெர்ட்ஸ் கண்ட உறவு. 1975இல் ஹண்ட், கிராஸ்லி இருவரும் மோதலில் இழக்கப்படும் ஆற்றலையும் அதில் சேர்த்தனர். உராய்வையும் கூட்டிவிட்டால் மனிதன் நடந்துவிடுவான்.

மரம் ஏறமாட்டான். என் சிக்கல் அங்கேதான்.

வேலந்தாவளத்தைச் சுற்றிய தோப்புகளில் காலையும் மாலையும் தென்னையேறிக் கள் இறக்குவோரின் மூட்டுச் சுமையை அறிவதே என் ஆய்வு. நடையை ஆராய்பவர்கள் தரையில் விசைத்தட்டைப் பதித்து அளந்துகொள்வார்கள். தென்னையில் எங்கே பதிப்பது? தொடுவிசையைக் கணக்கிட்டே பெறவேண்டும். மரத்தை முக்கோணங்களால் ஆன வலையாகக் கட்டி, ஒவ்வொரு முக்கோணத்தையும் ஒரு சிறு சுருள்வில்லாகக் கருதுகிறோம். வலை நுணுக்கமானால் கணினி திணறும். பரும்படியானால் கால் நடுங்கும். தொழிலில் முதிர்ந்த மாமா ஒருவரிடம் இதை விளக்கியபோது, "உருண்டைக் காலா? எங்க காலு மரத்துக்குத் தக்கன வளைஞ்சுக்குமே!" என்றார். ஆய்வுக் கருத்தரங்குகளில் கேட்ட பல வினாக்களைவிட இது கூர்மையானது.

உடல் எதைத் தொடும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதில் இருக்கும் ஆபத்து புதிதல்ல. அக்காலத்து அயல்நாட்டுச் செயற்கைப் பாதங்கள் காலணிக்குள் நுழைவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றோடு குந்தவோ, சம்மணமிடவோ, வெறுங்காலுடன் வயலில் இறங்கவோ முடியவில்லை. 1968இல் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் இந்தக் குறையிலிருந்து பிறந்தது.

குந்துவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆழமாகக் குந்தும்போது தொடையின் பின்புறம் கெண்டைக்கால்மேல் அமர்ந்து எடையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. முழங்கால் மூட்டின் சுமை அந்த அளவுக்குக் குறைகிறது. தசையோடு தசை படும் இந்தத் தொடுதலை விட்டுவிட்ட மாதிரி, மூட்டுச் சுமையை மிகைப்படுத்தியே காட்டும். நம் ஊரில் பாதி வேலை குந்தித்தான் நடக்கிறது என்பது மென்பொருளுக்குத் தெரியாது, நாம்தான் சொல்லவேண்டும்.

இப்போது என் கணினி மனிதன், தளைக்கயிறு மாட்டிய கால்களோடு, மூன்று எட்டு ஏறுகிறான். நான்காவதில் வழுக்குகிறான். காய்ப்பேறிய உள்ளங்காலுக்கும் உலர்ந்த தென்னைக்கும் இடையிலான உராய்வை அளந்தாகிவிட்டது. நனைந்த மரம் பாக்கி. தென்மேற்குப் பருவமழைக்காகக் காத்திருக்கிறேன்.