காது அடைத்த ரிப்பீட்டர்

ரிப்பீட்டர் பேசுவது ஊரெல்லாம் கேட்கிறது. ஊர் பேசுவது ரிப்பீட்டருக்குக் கேட்கவில்லை. ஹாம் ரேடியோக்காரர்களை இதைவிடச் சோதிக்கும் கோளாறு கிடையாது. ஐதராபாத் சைனிக்புரியில், ஒரு வீட்டு மொட்டைமாடியில் இருந்துகொண்டு மெலிந்த சிக்னல்களை வாங்கி வலுவாகத் திருப்பி அனுப்பும் இரண்டு மீட்டர் அலைவரிசை ரிப்பீட்டருக்கு இது வந்தபோது, பழுது பார்க்கப் போனவர்களோடு நானும் போயிருந்தேன்.

முன்னாள் ராணுவத்தினருக்காக எழுந்த குடியிருப்பு சைனிக்புரி. வேலையை முன்னின்று நடத்தியவரும் ராணுவத்தில் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழர்தான். ரிசீவருக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் ஒரு ப்ரீஆம்ப் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டேன்.

"ரிசீவர் மேல பழி போடாதீங்க தம்பி. முதல்ல டிரான்ஸ்மிட்டரை நிறுத்திட்டு அதுக்குக் காது கேக்குதான்னு பாப்போம்" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு மலைக்க வைப்பது. நல்ல எப்.எம். ரிசீவர் கால் மைக்ரோவோல்ட் சிக்னலைக்கூடப் பிடித்துவிடும். அதே ஆன்டெனாவில், அதே நொடியில், வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 50 வாட் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. வருவதைவிடப் போவது 400 கோடி கோடி மடங்கு. நடுவில் நின்று காப்பது, இரண்டையும் பிரித்து வைக்கும் டூப்ளெக்ஸரின் கேவிட்டிகள்தான். எங்காவது துளி கசிந்தாலும் ரிசீவரின் காது அடைத்துவிடும்.

டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து மெலிந்த சிக்னல் ஒன்றைக் கொடுத்தார்கள். தெளிவாகக் கேட்டது. ரிசீவரில் குறையில்லை. ஆன்டெனாவைக் கழற்றி, அதன் இடத்தில் சக்தியை வெளியே விடாமல் வெப்பமாக்கும் டம்மி லோடை மாட்டி டிரான்ஸ்மிட்டரை ஓட்டினார்கள். அப்போதும் மாற்றமில்லை, டூப்ளெக்ஸரும் தப்பியது. ஆன்டெனாவை மறுபடி இணைத்ததும் இரைச்சல் ஏறியது. சிக்னலைப் பத்து மடங்கு கூட்டினால்தான் பழையபடி கேட்டது. காற்று வீசும்போதெல்லாம் ஒரு கரகரப்பு வேறு. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மாஸ்ட்டை அண்ணாந்து பார்த்தார்.

இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஒரு தெலுங்கு இளைஞர் ஏறினார். கேபிள் வேலை செய்கிறவர். வெயிலில் சுட்ட இரும்பைப் பற்றிக்கொண்டு அவர் ஒவ்வொரு இணைப்பாக அசைத்துப் பார்க்க, கீழே ஹெட்போனில் கேட்டவர் சட்டெனக் கையை உயர்த்தினார். ஆன்டெனாவுக்கு அடியில் இருந்த சிறு ஜம்பர் கேபிள்! அலுமினியத் தாளின்மேல் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் போட்ட கோஆக்ஸ். ஒரு நேரத்தில் பேசவோ கேட்கவோ மட்டும் செய்யும் சாதாரண செட்டுக்கு அது போதும். ரிப்பீட்டர் பேசிக்கொண்டே கேட்க வேண்டியது. காற்றில் அசைந்து இரண்டு உலோகமும் உரசும்போது, டிரான்ஸ்மிட்டரின் சக்தியே அங்கே இரைச்சலாக மாறிவிடுகிறது. வெள்ளி முலாமிட்ட இரட்டைப் பின்னல் கேபிளில் புது ஜம்பர் செய்து மாட்டினார்கள். மாலையில் ஊருக்கு வெளியே உள்ள கீசரகுட்டாவிலிருந்து ஒருவர் ஐந்து வாட் கைசெட்டில் கூப்பிட்டது சுத்தமாக வந்தது.

இவ்வளவு மெனக்கெடுவது பொழுதுபோக்குக்காக மட்டுமல்ல. 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேயரில் இருந்தார். தொலைபேசி செத்துப்போன தீவுகளின் செய்தியை அவருடைய குழு ரேடியோவில்தான் வெளியே சேர்த்தது. வெள்ளத்திலோ புயலிலோ நம்மைக் கூப்பிடுகிறவர் கையில் பாதி தீர்ந்த பேட்டரிதான் இருக்கும். அவருடைய மெலிந்த சிக்னலும் ரிப்பீட்டருக்குக் கேட்க வேண்டும்.

ரிப்பீட்டர் பராமரிக்கும் நண்பர்களே, ப்ரீஆம்ப் வாங்கப் பணம் எடுக்கும் முன் ஒரு டம்மி லோடை மாட்டிப் பாருங்கள்.