டயருக்கும் எக்ஸ்பயரி டேட் உண்டுங்களா, தம்பி?

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசர் அவர். மனைவி, மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். ஒரே மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வருஷம், ஞாயிற்றுக்கிழமைகள் இருவருக்கும் ரொம்பவே நீளமாகிப்போயின. அப்போது வாங்கியதுதான் அந்த சூப்பர் மீட்டியார் 650. 'இந்தக் காசுக்கு செகண்ட்ஹேண்டில் ஒரு காரே வாங்கியிருக்கலாமே' என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

வண்டி மட்டுமே 241 கிலோ. அதில் இருவரும் தனுஷ்கோடி போனார்கள், ஏற்காடு போனார்கள், மூணாறு போனார்கள். மீட்டர் 15,000 கிலோமீட்டரைத் தாண்டிய சமயத்தில், ஊட்டியிலிருந்து இறங்கிவரும்போது பின்னால் இருந்தவர்தான் முதலில் சொன்னார்.

"ஏனுங்க, வளைவுல வண்டி டக்குனு சாயுதுங்க. முன்னெல்லாம் இப்படி இல்லையே?"

ஓட்டுகிறவருக்கு இது சட்டென்று தெரியாது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதால் கை அதற்குப் பழகிப்போயிருக்கும். பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இல்லாமல் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு பொய் சொல்லாது.

வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தார். பின்டயரின் ஓரங்களில் பட்டன் புதுசு மாதிரியே இருந்தது. "பட்டன் இருக்குதே!" என்றார். ஆனால் நடுப்பகுதி தேய்ந்து, விரலை வைத்தால் சப்பாத்திக்கல் போலத் தட்டையாக இருந்தது.

பைக் டயருக்கும் கார் டயருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசமே இதுதான். கார் சாய்வதில்லை, அதன் டயர் தட்டையாக இருக்கலாம். பைக் வளைவில் சாய்ந்துதான் திரும்ப வேண்டும். அதனால் அதன் டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பிறைபோல வளைந்திருக்கும். சேலம் ரோட்டிலும் மதுரை ரோட்டிலும் மணிக்கணக்கில் நேராகவே போகும் வண்டியில், நடுப்பகுதி மட்டும் தேய்ந்து அந்தப் பிறை தட்டையாகிவிடும். பிறகு வளைவில் சாய்க்கும்போது, தட்டைப் பகுதியின் விளிம்பு வரை வண்டி அடம்பிடிக்கும். விளிம்பைத் தாண்டியதும் தொப்பென்று விழும். அந்த 'டக்' அதுதான்.

பள்ளங்களுக்கு நடுவே டயர் கம்பெனிக்காரர்களே சின்னச் சின்ன ரப்பர் மேடுகளை வைத்திருப்பார்கள். பக்கச்சுவரில் 'டி.டபிள்யூ.ஐ.' என்றோ ஒரு முக்கோணக் குறியோ இருக்கும் இடத்துக்கு நேராகப் பார்த்தால் தெரியும். பைக் டயர்களில் பெரும்பாலும் அதன் உயரம் 0.8 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. அவர் வண்டியின் நடுப்பகுதியில் ஏறக்குறைய சமமாகியிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர்களின் கல்யாண நாள். வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களாவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கையில் இருந்தது ஆறு நாள்.

டயர் கடையில் இருந்த தம்பி நல்ல பையன், சுறுசுறுப்பு. அந்த அளவில் அந்த வண்டிக்கான டயர் ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டால் பத்து நாள் ஆகும் என்றான். கையோடு மாற்று வழிகளையும் சொன்னான்.

முதலில், "அண்ணா, 180 சைஸ் போட்டுக்கங்க. பின்னாடி இருந்து பார்த்தா செம கெத்தா இருக்கும்." இது பேசிப் பார்க்கவே தகுதியில்லாத யோசனை. அகல டயரைக் குறுகலான ரிம்மில் ஏற்றினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி எழும்பி, டயரின் வடிவமே மாறிப்போகும். வண்டி திரும்ப மறுக்கும். ஸ்விங் ஆர்மில் உரசவும் கூடும். அவரே சிரித்து மறுத்துவிட்டார்.

இரண்டாவது யோசனையில்தான் விஷயம் இருந்தது. 130/90-16 அளவில் ஒரு புது டயர். விலையும் குறைவு. "ரெண்டுக்கும் உசரம் ஏறக்குறைய ஒண்ணுதாங்கண்ணா. மாத்தினதே யாருக்கும் தெரியாது."

உயரக் கணக்கு சரிதான். வண்டியோடு வந்த டயர் 150/80-16. 150 மில்லிமீட்டர் அகலத்தில் 80 சதவிகிதம், அதாவது 120 மில்லிமீட்டர் பக்கச்சுவர் உயரம். 130-ல் 90 சதவிகிதம் என்றால் 117. வெறும் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், இரண்டுக்கும் அதே.

ஆனால் அளவுக்குப் பக்கத்திலேயே இன்னோர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. பழைய டயரில் 71 ஹெச். புது டயரில் 67 ஹெச். 71, 67 என்பவை கிலோ அல்ல, எடைக்கான குறியீடு. 71 என்றால் அந்த டயர் 345 கிலோ வரை தாங்கும். 67 என்றால் 307 கிலோ. நான்கு எண் குறைந்தால் 38 கிலோ குறைகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே 130/90-16 அளவிலேயே 73 என்று குறித்த, 365 கிலோ தாங்கும் பலப்படுத்தப்பட்ட டயர்களும் உண்டு. அளவை மட்டும் சொல்லி டயர் கேட்பது, பெயரைச் சொல்லி எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாமல் மாத்திரை கேட்பது போலத்தான்.

ஹெச் என்பது வேகம்: மணிக்கு 210 கிலோமீட்டர். நம்ம ஊர் ரோட்டில் யார் 210-ல் போகப்போகிறார்கள் என்று கேட்கலாம். அந்த எழுத்து, டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கும் ஓர் அடையாளம். சித்திரை மாதத்து தார்ரோட்டில், இரண்டு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய வண்டிக்கு அந்தத் தாங்குசக்தி தேவை.

கடை வாசலிலேயே கணக்குப் போட்டார்கள். வண்டி 241. அவர் 82. அவர் மனைவி 64, அதைச் சொல்லும்போது கொஞ்சம் குரல் தாழ்ந்தது. பைகள் 22. ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் சேர்த்து எட்டு. மொத்தம் 417 கிலோ. பின்சீட்டில் ஆளும் அதற்குப் பின்னால் பைகளும் இருக்கும்போது, மூன்றில் இரண்டு பங்கு பின்டயரில் விழுவதாக வைத்துக்கொண்டால் 278 கிலோ.

"307-க்குள்ளதானே வருதுங்கண்ணா?" என்றான் தம்பி.

காகிதத்தில் வருகிறதுதான். அந்த 307, டயரில் காற்று சரியாக இருக்கும்போது, அதுவும் வண்டி ஆடாமல் அசையாமல் போகும்போது. ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப்போட்டால், ஒரு குழியில் இறங்கி ஏறினால், அந்த நொடியில் டயரில் விழும் எடை பல மடங்கு ஏறும். காற்று கொஞ்சம் குறைந்திருந்தால் தாங்கும் திறனும் கூடவே குறையும். மிச்சமாகத் தெரிகிற அந்தக் கிலோக்கள் சும்மா கிடப்பதில்லை, குழி வரும்போது அவைதான் வேலை செய்யும். வண்டியை வடிவமைத்தவர்கள் 71 என்று வைத்ததைக் கடை வாசலில் 67 ஆக்குவதற்கு ஒரு காரணமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வால்பாறை போக வேண்டும் என்பதைத் தவிர.

"மாத்தினது தெரியாதுன்னீங்களே தம்பி, வண்டிக்குத் தெரியுமுங்களே" என்றார் அவர் மனைவி.

தம்பி விடவில்லை. உள்ளே போய், உத்தரத்தில் கண்ணாடி ஜன்னல் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு டயரை இறக்கிவந்தான். வெளிநாட்டு டயர். அதே 150/80-16. அதே 71 ஹெச். பட்டன் மீது முள்முள்ளாக ரப்பர் மயிர் கூடப் போகவில்லை. யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வராமல் போனதாம், பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மகளின் ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் வேறு.

அவர் மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு. தயிர் பாக்கெட் வாங்கினாலும் திருப்பித் தேதியைப் பார்ப்பார். பத்தொன்பது வருஷமாக மாத்திரை அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கை அது. டயரையும் தரையில் வைத்து மெல்லச் சுற்றினார். ஒரு பக்கம் ஒன்றுமில்லை. புரட்டிப் போட்டுச் சுற்றினார். சின்ன நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 1420.

"இது பேட்ச் நம்பருங்களா?"

"டேட்டுங்கக்கா."

"டயருக்கும் எக்ஸ்பயரி டேட் உண்டுங்களா, தம்பி?"

எக்ஸ்பயரி இல்லை, தயாரித்த தேதி. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2020-ம் ஆண்டின் 14-வது வாரம். நாமெல்லாம் லாக்டவுனில் வீட்டுக்குள் அடைந்துகிடந்த வாரம்! அன்றிலிருந்து அந்த ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் மெல்ல இறுகும். வெயிலும் சூடும் பட்டால் இன்னும் சீக்கிரம். இறுகிய ரப்பர் காய்ந்த தரையில் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. ஈரத்தில்தான் பிடிமானம் குறைந்திருப்பது தெரியவரும். வால்பாறையிலோ மழைக்குப் பஞ்சமே இல்லை.

டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது இது: ஐந்து வருஷம் ஆன டயரை, பட்டன் இருந்தாலும், வருஷத்துக்கு ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து வருஷத்துக்கு மேல் எந்த டயரும் வண்டியில் இருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் அந்தத் தொங்கிய டயர் சட்டப்படி குற்றவாளி அல்ல. இருட்டான, குளிர்ந்த கிடங்கில் இருந்திருந்தால் யோசித்திருக்கலாம். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனதை, அதுவும் ஜன்னல் வெயிலில் தொங்கியதை, புது டயர் என்று நினைத்துப் பின்சீட்டில் ஆளை ஏற்றுவது வேறு விஷயம். பட்டுப்போன தோல் மாதிரி, பள்ளங்களின் அடியில் மெல்லிய விரிசல்கூடக் கண்ணில் பட்டது.

கடையை விட்டு வெளியே வந்து இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அவர்தான் உள்ளே போய் 71 ஹெச்-க்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார். பங்களா அட்வான்ஸ் 2,000 ரூபாய் போனது போனதுதான். கல்யாண நாளன்று வீட்டில் பாயசம் வைத்து, மகளோடு வீடியோ காலில் பேசி முடித்தார்கள்.

இதில் ஒரு கிளைக்கதை. அமெரிக்காவில் ஹோண்டா கோல்டு விங் என்ற ஆறு சிலிண்டர் ராட்சத பைக்கை வைத்திருக்கும் சிலர், பைக் டயர் சீக்கிரம் தேய்கிறது என்று பின்னால் கார் டயரையே மாட்டி ஓட்டுகிறார்கள். அதற்கு 'இருண்ட பக்கம் போவது' என்று அவர்களே பெயரும் வைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் ஓடுகிறது என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. டயர் கம்பெனிகளோ கூடவே கூடாது என்கின்றன. பெயரிலேயே பதில் இருக்கிறது.

டயர் வந்தது. இப்போது தேதி இரண்டே மாதம் பழசு. அதை அவர் மனைவிதான் முதலில் பார்த்தார். முன்டயரையும் சேர்த்து மாற்றச் சொன்னான் தம்பி. அதில் நடுப்பகுதி தட்டையாகவில்லை, பட்டனும் பாதிக்கு மேல் இருந்தது. பின்னால் அதே கம்பெனியின் அதே மாடல் வருவதால் ஜோடியும் கெடவில்லை. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பின்னால் ரேடியல், முன்னால் சாதா என்று கலந்து மாட்டியிருந்தால் அந்த முடிவு தப்பாகியிருக்கும்.

மாட்டும்போது பக்கத்தில் நின்றே பார்த்தார். பக்கச்சுவரில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைப் பார்க்கிறதா என்று பார்த்தார். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற புது ரப்பர் வால்வு ஒன்றும், பேலன்ஸிங்கும் கேட்டு வாங்கிக்கொண்டார். ட்யூப்லெஸ் டயரில் பழைய வால்வு கசிந்தால், இத்தனை பாடும் வீண்.

காற்று விஷயத்திலும் ஒரு குழப்பம் பலருக்கு இருக்கிறது. டயரின் மேல் அச்சாகியிருக்கும் அழுத்தம், அந்த டயர் தாங்கும் உச்ச எடைக்கானது. அடிக்க வேண்டிய அளவு வண்டியின் கையேட்டில் இருக்கிறது. தனியாகப் போக ஓர் அளவு, பின்னால் ஆள் இருந்தால் பின்டயருக்குக் கூடுதலாக ஓர் அளவு. அதுவும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பங்க்கில் பார்த்து, 'கூடுதலா இருக்குதே' என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் நிறைய. சூட்டில் ஏறிய அழுத்தம் அது. குளிர்ந்ததும் டயரில் காற்று குறைவாக நிற்கும்.

புது டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். அது கொஞ்சம் சொரசொரப்பாகும் வரை, முதல் 150 கிலோமீட்டருக்கு, முரட்டு பிரேக்கும் அதிகச் சாய்வும் கூடாது. அவர் தனியாகவே பொள்ளாச்சி போய்த் திரும்பினார். மறு வாரமும் போய்த் திரும்பினார். மூன்றாவது ஞாயிறுதான் பின்சீட்டில் ஆள் ஏறியது.

ஆழியாறைத் தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நிறுத்தியபோது தூறல் ஆரம்பித்திருந்தது. கீழே ஆழியாறு அணை பாதி மேகத்துக்குள் இருந்தது.

"எப்படி இருக்குது?" என்று கேட்டார் அவர்.

"சாயறதே தெரியலைங்க. மெதுவாவே போங்க."

முன்டயரை எப்போது பார்க்க வேண்டும் என்பதை அவர் மனைவி சமையலறைக் காலண்டரில், கேஸ் புக் செய்த தேதிக்குக் கீழே எழுதிவைத்திருக்கிறார்.