பல மாதிரி, ஒரு கட்டடம்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் மொழி. சிறு மனைக்கே இத்துணை இடர்ப்பாடெனின், மாடிகள் பலவுடைய மருத்துவமனையை எழுப்புவார் படும் பாடு சொல்லவும் வேண்டுமோ? இக்காலத்தே கட்டடக் கலைஞரும், தூண் விட்டங்களைக் கணிப்பாரும், காற்றுக் குழாய்களை வகுப்பாரும், மின்கம்பி அமைப்பாரும் கணிப்பொறியிலே தத்தமக்கெனக் கட்டடத் தகவல் மாதிரியொன்றை ஆக்கிக்கொள்கின்றனர்.

அத்தகைய மாதிரிகளை ஒருங்கு வைத்து ஆராயும் பணி நமக்கு வாய்த்தது. அவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கித் திரையில் நோக்கியவழி, விட்டத்தைக் குழாய் துளைத்துச் செல்வது போன்ற மோதல்கள் எளிதிற் புலப்பட்டன. ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத குறை ஒன்றுண்டு. ஒரு சுவர் தீயைத் தடுத்து நிற்றற்குரியது என்பதனைக் கலைஞரின் மாதிரி அறியும். அச்சுவரினூடே காற்றுக் குழாய் செல்கின்றது என்பதனைப் பொறியாளரின் மாதிரி அறியும். தீ மூண்டால் தானே மூடிக்கொள்ளும் டாம்பர் அவ்விடத்தே வேண்டும் என்பதனை இரண்டையும் சேர அறிந்தவரன்றோ உணர்வர்? அது விடுபடின், ஓர் அறையில் எழுந்த புகை குழாய்வழியே நோயாளர் துயிலும் மற்றோர் அறையைச் சென்றடையும்.

மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ளுதற்கு ஐ.எஃப்.சி. என்னும் பொது வடிவம் உண்டு. அது 2013ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் உலகத் தரமாயிற்று. அதன்கண் ஒவ்வோர் உறுப்பும் 22 எழுத்தாலாய தனிக்குறி பெறும். எனினும், ஒரே சுவர் இரு மாதிரிகளில் இரு குறி பெற்று நிற்கும். ஒருவனே ஈரூரில் இரு பெயரால் வழங்கப்படுவது போலாம்.

இங்குத் துணைசெய்வது கோட்டுருத் தரவுத்தளம். கோனிக்ஸ்பர்க் நகரத்து ஏழு பாலங்களைப் பற்றி 1736இல் ஆராய்ந்த ஆய்லர் என்னும் கணித அறிஞர், நிலத்தின் அளவையும் வடிவையும் விடுத்து, எது எதனோடு இணைந்தது என்பதனையே நோக்கினார். அந்நோக்கே இதற்கும் அடிப்படை. சுவர், குழாய், அறை ஆகியவை கணுக்களாகின்றன. 'இதனூடு செல்லும்', 'இதன்கண் அடங்கும்', 'இதுவே அது' என்னும் உறவுகள் அவற்றைப் பிணைக்கும் கோடுகளாகின்றன. எவருடைய மாதிரியையும் அழித்தெழுத வேண்டுவதில்லை. நியோ4ஜே போன்ற தளத்தில், "தீத்தடுப்புச் சுவரைத் துளைத்தும் டாம்பர் பெறாத குழாய்கள் யாவை?" என வினாவினால், கணிப்பொறி கோடுகளின் வழியே சென்று அவற்றை எடுத்துக்காட்டும்.

ஆனால், 'இதுவே அது' என்னும் கோட்டினை இடுவார் யாவர்? இடத்தையும் அளவையும் ஒப்பிட்டுக் கணிப்பொறி கருத்துரைக்கும். இரு சுவர்கள் ஒட்டி நிற்பின் மயங்கும். ஒரு கோடு தவறினும், இடருள்ள குழாய் விடையில் இடம்பெறாதொழியும். ஆதலின், ஒவ்வொரு கோட்டினோடும் அதனை இட்டவர், உறுதிசெய்தவர், நாள் ஆகியவற்றையும் நாம் பதிந்துவைத்தோம். மாதிரி திருத்தப்பெறுந்தோறும் அக்கோடுகளை மீளவும் சரிபார்த்தோம்.

மாணவ நண்பர்காள்! தத்தம் துறையைப் பயிலுதலோடு அமையாது, அதனை அடுத்த துறையோடு பிணைக்கும் கோட்டினையும் அறிமின். மருத்துவமனையில் உறங்குவார் நம் மாதிரிகளை அறியார். அவர்தம் உயிரோ அக்கோடுகளைச் சார்ந்துள்ளது.