ஷாக் வாங்கும் முன்

கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், கிளாமிஸ் பக்கம், 60 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கின்றன இம்பீரியல் மணல்மேடுகள். அங்கே ஓட்டுவதற்கென்றே வீட்டில் டியூன் பக்கி கட்டுகிறவர்கள் சான் டியாகோ வட்டாரத்தில் நிறைய. அப்படியொரு வீட்டுப் பட்டறைக்குப் போயிருந்தேன். அப்பா, கப்பல் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மகள் கார் மெக்கானிக். இருவரும் சேர்ந்து கட்டிய வண்டிக்கு சஸ்பென்ஷனை மாற்ற முடிவு செய்திருந்தார்கள்.

அடிச்சட்டம் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுடையது. 1964இல் புரூஸ் மேயர்ஸ் கண்ணாடியிழை உடலோடு ‘மேயர்ஸ் மேங்ஸ்’ செய்து காட்டியதிலிருந்து பீட்டிலுக்கு இந்த மவுசு. எஞ்சின் பின்னால் இருப்பதால் எடை உந்து சக்கரங்களின் மேல் விழுகிறது. மணலில் பிடிமானம் கிடைக்கிறது. 1967இல் டிஜுவானாவிலிருந்து லா பாஸ் வரை நடந்த முதல் பாஹா பந்தயத்தை விக் வில்சனும் டெட் மேங்கல்ஸும் ஒரு மேங்ஸில் 27 மணி 38 நிமிடத்தில் முடித்து ஜெயித்தார்கள்.

ஆனாலும் பீட்டிலுடையது தார்ச்சாலைக்கென்று செய்த சஸ்பென்ஷன். மணல்மேட்டில் சக்கரம் பல அங்குலம் ஏறி இறங்க வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. பலரும் முதலில் விலை உயர்ந்த ஷாக் அப்சார்பரை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு இடம் தேடுகிறார்கள். தலைகீழான வழி என்றே நினைக்கிறேன். இந்த இருவரும் செய்த விதம் வேறு.

பின்சக்கர ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியையும் உருவிவிட்டார்கள். இப்போது சக்கரத்தைத் தாங்கும் கை தடையில்லாமல் ஆடும். அடியில் ஜாக்கியை வைத்து மகள் ஒவ்வோர் அங்குலமாக இறக்கினார். டேப் பிடித்து அளவு சொன்னார். அப்பா சுவரில் சாக்பீஸால் எழுதினார். ஒவ்வொரு நிலையிலும் ஆக்சிலைக் கையால் சுற்றிப் பார்த்தார் மகள். ஓரிடத்தில் நிறுத்தி, என்னையும் சுற்றச் சொன்னார். அதுவரை வழுக்கிக்கொண்டு வந்தது, பாதிச் சுற்றில் நறநறவென்று இடறியது. ஆக்சிலின் கோணம் மிஞ்சி, அதன் முனையிலுள்ள சிவி ஜாயிண்டுக்குள் குண்டுகளும் கூண்டும் இடிபடுகின்றன. வேகத்தில் இது நடந்தால் ஜாயிண்ட் உடைந்துவிடும். இடறிய இடத்துக்கு ஓர் அங்குலம் மேலே கோடு விழுந்தது. சக்கரம் அதைத் தாண்டி இறங்காமல் நைலான் பட்டை தடுக்கும். மேலே ரப்பர் தடுப்பு. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே பொருந்தும் நீளத்தில்தான் ஷாக். முழுக்க நீண்டாலும் சுருங்கினாலும் உதையை அது வாங்கக்கூடாது. பட்டையும் ரப்பரும்தான் வாங்க வேண்டும்.

முறுக்குக் கம்பி விஷயம் என்னை அசத்திவிட்டது. அதன் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி. வெளியே ஒரு பல்லுக்கு 8 டிகிரிக்குச் சற்று மேல். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் நகர்த்தினால் ஒரு டிகிரிக்கும் குறைவாக உயரத்தைத் திருத்தலாம். பீட்டிலின் கனமான உடல் போனதால் வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதைத் தாழ்த்த எத்தனை பல் என்று அப்பா பழைய ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஜெர்மன் பொறியாளர்கள் யோசித்து வைத்த இந்த நுட்பத்துக்கு இன்னமும் ஒரு வீட்டுப் பட்டறையில் வேலை இருப்பது எனக்கு அத்தனை மகிழ்ச்சி தந்தது.

முன்பக்கத்தை அடுத்த சீசனுக்குத் தள்ளிவிட்டார்கள். அமெரிக்காவுக்கு வந்த பீட்டில்களில் 1966இலிருந்து முன்னால் பால் ஜாயிண்ட். ஏற்ற இறக்கம் கூடினால் அது சிக்கிக்கொள்ளும். 1965 வரை வந்த ‘கிங் பின்’ வகை முன் அச்சுதான் வேண்டும். நல்லதாகக் கிடைக்கும்வரை காத்திருக்கப் போகிறார்கள்.

கடைசியில் ஒரு வாக்குவாதம். நீளமான ஷாக்கின் விசையைப் பழைய மவுண்ட் தாங்காது. குழாய் வைத்து ரோல் கேஜோடு இணைக்க வேண்டும். வெல்டிங் வைத்துவிடலாம் என்றார் அப்பா. பாலைவனத்தில் எஞ்சினை இறக்க நேர்ந்தால் அந்தக் குழாயை அறுக்க வேண்டிவரும், போல்ட் போதும் என்றார் மகள். அப்பா சற்று யோசித்துவிட்டு, முனைகளில் தடித்த தகடு வெல்டிங் வைத்துத் தருவதாகவும், நடுக்குழாயை மட்டும் அவர் போல்டில் மாட்டிக்கொள்ளலாம் என்றும் ஒப்புக்கொண்டார்.