வலிக்கலையே என்றார் அம்மா

“வலிக்கவே இல்லையே, அப்புறம் எதுக்குடி டாக்டர்?”

தீபாவளிக்கு ஈப்போவுக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டது இது. இடது மார்பில் ஒரு கட்டி. நான்கு மாதமாகத் தெரியுமாம். யாரிடமும் சொல்லவில்லை.

கோலாலம்பூருக்கு அழைத்து வந்தேன். மேமோகிராம் முடிந்து அல்ட்ராசவுண்ட். அம்மாவின் கையைப் பிடித்தபடி நானும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் திடீரென்று நிறங்கள். சுற்றிலும் நீலம், கட்டியின் ஓரத்தில் சிவப்பு. பக்கத்தில் ஓர் எண்: 142 கிலோபாஸ்கல்.

“கட்டி எவ்வளவு கெட்டியா இருக்குன்னு அளக்கிறோம்” என்றார் டாக்டர். இதற்கு எலாஸ்டோகிராபி என்று பெயர்.

பத்து ஆண்டுகளாக வானொலியில் ஒலியோடு வாழ்கிறேன். ஒலியால் தொட்டும் பார்க்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. கருவி அனுப்பும் ஒலித்துடிப்பு திசுவை மெல்லத் தள்ளுகிறது. குளத்தில் கல் விழுந்ததுபோல் உள்ளே ஓர் அலை பரவுகிறது. மென்மையான இடத்தில் அது மெதுவாகப் போகும். கெட்டியான இடத்தில் வேகமாகப் போகும். அந்த வேகத்தைக் கணக்கிட்டால் எண் கிடைக்கிறது. புற்றுக்கட்டியைச் சுற்றிக் கொலாஜன் நார்கள் அடர்ந்து இறுகுவது அது கெட்டியாவதற்கு ஒரு காரணம்.

“அப்படின்னா கேன்சரா, டாக்டர்?” அம்மா உடை மாற்றப் போனதும் கேட்டேன்.

“நம்பரை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. ஆபத்தில்லாத கட்டியும் சில நேரம் கெட்டியா இருக்கும். சில புற்றுநோய் மென்மையா இருக்கும். ஊசியால திசு எடுத்துப் பார்த்தாத்தான் உறுதியாத் தெரியும்.”

முடிவுக்காகக் காத்திருந்த வாரம் முழுக்கக் காலை நிகழ்ச்சியில் சிரித்துச் சிரித்துப் பேசினேன். பாட்டு ஓடும் நேரத்தில் மைக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அறிக்கை வந்தது. புற்றுநோய்தான், கிரேட் 3. கிரேட் என்பது அணுக்கள் எந்த அளவு மாறியிருக்கின்றன என்பது. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. கட்டி கெட்டியாக இருந்தால் கிரேட் உயர்ந்திருக்கும் வாய்ப்பும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்றார் டாக்டர். நல்லவேளை, அக்குளுக்குப் பரவவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கீமோ நடக்கிறது.

ஒவ்வோர் அக்டோபரிலும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு அறிவிப்பை வானொலியில் வாசிப்பது நான்தான். அம்மா தினமும் என் நிகழ்ச்சியைக் கேட்பவர்.

“அதைக் கேட்டீங்களாம்மா?” என்றேன் ஒருநாள்.

“கேட்டேனே. நல்லாத்தான் வாசிச்சே. யாருக்கோ சொல்றேன்னு நெனச்சேன்.”

அம்மாவிடம் தினமும் போனில் பேசுகிறேன். சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா என்று கேட்டிருக்கிறேன். இதை ஒருநாளும் கேட்டதில்லை.

மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. இன்று அம்மாவுக்கு அழைத்தால், சாப்பிட்டீர்களா என்பதோடு இதையும் கேட்டுவிடுங்கள்.